வயதுபோனவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது? அக்கரைப்பற்றுத் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அக்கரைப்பற்றில் பராமரிப்பாளர் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். கனடாவில் முதியோர் இல்ல வேலை ஒன்றுக்கு நேர்காணல் வரப்போகிறது, அதோடு ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, வயது பற்றிய ஆங்கில ஐடியம் (மரபுத்தொடர்) பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்து, பயிற்சி நேர்காணலில் 'மை கிராண்ட்மதர் ஹாஸ் ஒன் ஃபுட் இன் த கிரேவ்', அதாவது பெத்தாவுக்கு ஒரு கால் சவக்குழிக்குள் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆசிரியரின் முகம் மாறிவிட்டது, ஆனால் காரணம் சொல்லவில்லை. இலக்கணத்தில் பிழை இல்லையே, அப்படியென்றால் இதைவிட நல்ல ஐடியங்கள் எவை என்று கேட்கிறீர்கள். பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று தந்து பயனில்லை. நீங்கள் உண்மையில் கேட்பது, எந்தச் சொல்லை யார், யாரைப் பற்றி, யார் காதுபடச் சொல்லலாம் என்பதைத்தான். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை செய்தவன். இப்போது மட்டக்களப்பு நகரில் தாதியருக்கும் பராமரிப்பு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே இங்கிலாந்து வழக்கு பற்றி நான் சொல்வதை நம்பிப் பிடித்துக்கொள்ளலாம். கனடா வழக்கு பெரும்பாலும் அங்கே வேலை செய்யும் என் மாணவர்கள் வழியாகத் தெரிந்தது, போய் இறங்கியதும் காதைத் தீட்டிவைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் குழிக்குள் கால் வைத்த வசனம். நம்மிடமும் இதே கருத்து இருக்கிறது, 'காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது' என்று. இதை உங்கள் பெத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே தன்னைப் பற்றிச் சொன்னால் வீடே சிரிக்கும். அதையே வீட்டுக்கு வந்த ஒரு வெளியாள் அவரைப் பார்த்து, 'உங்களைக் காடு கூப்பிடுது போல' என்று சொன்னால் தேத்தண்ணீர் குடிக்காமலே வெளியே போக வேண்டியதுதான். ஆங்கிலத்திலும் அதே சட்டம்தான். வயது பற்றிய ஐடியங்களில் முக்கால்வாசி, வயதுபோனவர் தன்னைத்தானே கேலி செய்யவென்று இருப்பவை. உரிமையாளர் அவர்தான், நாம் கேட்டுச் சிரிக்கலாம், எடுத்துப் பாவிக்க முடியாது. பட்டியல் போடுகிறவர்கள் பொருளை எழுதுகிறார்கள், இந்த உரிமை விஷயத்தை எழுதுவதில்லை. போதாக்குறைக்கு நீங்கள் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர், கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த வசனம் 'இந்தக் கிழவி சாகப்போகுது' என்றுதான் விழுந்திருக்கும்.

இந்தத் தற்கேலி வகையில் அடிக்கடி காதில் விழப்போகிறவை சில. 'ஐ ஆம் நொட் கெட்டிங் எனி யங்கர்', அதாவது நமக்கும் வயது போகுதே என்ற பெருமூச்சு. 'ஐ ஆம் நோ ஸ்பிரிங் சிக்கன்', நான் ஒன்றும் இளங்குஞ்சு இல்லை என்பது. வசந்தகாலத்தில் பொரித்த கோழியின் இறைச்சி இளசாக இருக்கும், அதிலிருந்து வந்த பேச்சு. இதற்கு மேல் இணையத்தில் ஓடும் சந்தை வியாபாரிக் கதைகளை நம்ப வேண்டாம். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறவர், 'ஐ ஆம் ஹேவிங் எ சீனியர் மோமன்ட்' என்பார். 'ஓவர் த ஹில்' என்பது மேட்டில் ஏறி முடிந்து இனி இறக்கம் என்ற கருத்து. வட அமெரிக்காவில் நாற்பதாவது பிறந்தநாளுக்கே கறுப்பு பலூன் கட்டி இந்தப் பகிடியை விடுவார்கள், எண்பது வயதுக்காரரிடம் அது பகிடியாக இராது. 'லோங் இன் த டூத்' குதிரையிலிருந்து வந்தது, இது நிச்சயம். குதிரைக்கு வயது ஏற ஏற ஈறு பின்வாங்கிப் பல் நீளமாகத் தெரியும், வாங்குகிறவர் வாயைத் திறந்து பார்த்து வயதைக் கணிப்பார். படுவான்கரைப் பக்கம் மாடு வாங்கினவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ரெண்டு பல்லா நாலு பல்லா என்று பார்த்துத்தானே விலை பேசுகிறார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நாம் சொல்வதை அவர்கள் குதிரைக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மனிதரின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற மாதிரியான பேச்சு என்று நினைவு வைத்துக்கொண்டால், இதை ஏன் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது என்பதும் மறக்காது.

அவர்கள் தங்களை இப்படிக் கேலி செய்யும்போது நீங்கள் என்ன பதில் சொல்வது? இதைப் பட்டியல்கள் தொடுவதே இல்லை, வேலையில் தினமும் தேவைப்படுவதோ இதுதான். நம் பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டி 'யெஸ், யெஸ்' என்பார்கள். அவர் 'நான் கிழண்டிப்போனேன்' என்கிறார், நீங்கள் 'ஓம் ஓம்' என்கிறீர்கள், எப்படி இருக்கும்? மறுபக்கம் விழுந்தடித்து 'நோ நோ, யூ லுக் லைக் ட்வென்டி' என்பதும் வேண்டாம், பொய் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சிரித்துவிட்டு 'யூ ஆர் டூயிங் ஆல் ரைட்' என்றோ, 'தட் மேக்ஸ் டூ ஒஃப் அஸ்' என்றோ சொன்னால் போதும். இரண்டாவது, நானும் அந்தக் கூட்டம்தான் என்ற பொருளில். அதே கண்ணாடியை நீங்களும் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற நாளில் நன்றாகப் பொருந்தும்.

அப்புறம், விளங்கிக்கொள்ள மட்டும் வேண்டிய, வாயால் சொல்லவே கூடாத ஒரு கட்டு இருக்கிறது. 'மட்டன் டிரெஸ்ட் அஸ் லேம்', வயதுக்கு மீறி இளம்பெண் போல உடுத்துகிறவளைப் பற்றிய ஏளனம். 'பாஸ்ட் இட்', இனி ஒன்றுக்கும் உதவாதவர். 'யூ கான்ட் டீச் ஆன் ஓல்ட் டோக் நியூ ட்ரிக்ஸ்', கிழநாய்க்குப் புது வித்தை ஏறாது. கடைசியானது அவர்கள் காதில் நமக்கு விழுகிற அளவு கடுமையாக விழாது, நாய் அங்கே வசவு இல்லை. ஆனாலும் புதுத் தொலைபேசியோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய வசனம் இது இல்லை. வயதால் புத்தி தடுமாறியவர் என்ற பொருளுள்ள 'சினைல்' என்ற சொல்லையும் இதே கட்டில் போட்டுவிடுங்கள். முதுமை என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து 'சீனியர்' என்ற மரியாதைச் சொல்லும் வந்தது, 'சினைல்' என்ற இதுவும் வந்தது, ஒன்று மேலே போயிற்று, மற்றது வசவாகிவிட்டது. இங்கே 'அறளை பெயர்ந்துவிட்டது' என்கிறோமே, அந்த இடத்தில் இன்றைய வழக்கு 'ஷீ இஸ் லிவிங் வித் டிமென்ஷியா' என்பது, டிமென்ஷியா என்றால் மறதிநோய். நோயோடு வாழ்கிறார் என்று சொல்லும்போது ஆள் முன்னால் நிற்கிறார், நோய் பின்னால் போகிறது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் பிடித்த ஒன்று 'எ குட் இன்னிங்ஸ்'. தொண்ணூறு தாண்டிக் காலமானவரைப் பற்றி இங்கிலாந்துக்காரர் 'ஹீ ஹாட் எ குட் இன்னிங்ஸ்' என்பார், நிறைய ஓட்டம் எடுத்துவிட்டுத்தான் போனார் என்று. அழகான பேச்சு, ஆனால் மகன் சொல்ல வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டால், இவ்வளவு காலம் இருந்தது போதாதா என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். கனடாவில் கிரிக்கெட் எல்லாருக்கும் பழக்கமில்லை, அங்கே இது அவ்வளவாக எடுபடவும் மாட்டாது. 'ரைப் ஓல்ட் ஏஜ்' மட்டும் பயமில்லாமல் சொல்லலாம், 'ஷீ லிவ்ட் டு எ ரைப் ஓல்ட் ஏஜ்' என்று. பழுத்த வயது என்று நாமும் சொல்வதால் சட்டென்று மனதில் நிற்கும்.

சரி, ஐடியத்தை விட்டு அதைவிட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வயதுபோனவர்களை எந்தப் பெயர்ச்சொல்லால் குறிப்பது? இதில்தான் நம் ஊர் ஆங்கிலம் காலை வாருகிறது. நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயது கடந்தவரை 'எல்டர்' என்கிறது. பிரதேச செயலகத்தில் கொடுக்கும் அட்டையும் 'எல்டர்ஸ்' அட்டை, இல்லமும் 'எல்டர்ஸ் ஹோம்'. ஆகவே நீங்கள் நேர்காணலில் 'ஐ லைக் டு லுக் ஆஃப்டர் எல்டர்ஸ்' என்பீர்கள். கனடாவில் பெரிய எழுத்தில் எழுதும் 'எல்டர்' என்பது பெரும்பாலும் பூர்வகுடி மக்களிடையே அறிவும் மதிப்பும் பெற்ற மூத்தவரைக் குறிக்கும், வயது வந்த எல்லாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. இங்கிலாந்தில் 'எல்டர்' என்றால் 'மை எல்டர் சிஸ்டர்' என்று உடன்பிறப்பில் மூத்தவர், அல்லது சில திருச்சபைகளில் ஒரு பொறுப்பு. கேட்பவர் உங்களைப் பிழையாக எடுக்கமாட்டார், ஆனால் ஒரு கணம் தடுமாறுவார். கனடாவில் 'சீனியர்ஸ்' சாதாரணமாக ஓடும். ஐக்கிய நாடுகள் ஆவணங்களில் 'ஓல்டர் பெர்சன்ஸ்', பேச்சில் 'ஓல்டர் பீப்பிள்', 'ஓல்டர் அடல்ட்ஸ்', இவை எங்கேயும் பாதுகாப்பானவை. 'ஓல்ட்' என்பதைவிட 'ஓல்டர்' ஏன் மென்மை என்று கேட்காதீர்கள், ஒப்பீட்டுச் சொல் கூடுதல் வயதைத்தான் காட்ட வேண்டும், ஆனால் வழக்கில் அது கனிவாக விழுகிறது, தர்க்கம் பார்த்துப் பயனில்லை. 'த எல்டர்லி' என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவதை இப்போது பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. 'ஓல்ட் ஏஜ் பீப்பிள்' என்பது நம் பக்கத்து உற்பத்தி, விட்டுவிடுங்கள்.

'ஏஜ்ட்' பற்றி ஒரு சின்ன விஷயம். 'த ஏஜிட்' என்று முதியோரைக் குறிக்கும்போது இரண்டு அசை, 'ஏஜ்ட் செவன்டி' என்று வயதைச் சொல்லும்போது ஒரே அசை. நம் கந்தோர்க் கடிதங்களில் 'ஏஜிட் அண்ட் இன்ஃபர்ம்' இன்னும் உயிரோடு இருக்கிறது. மட்டக்களப்பில் 1814 இல் வெஸ்லியன் மிஷனரிமார் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்திலிருந்து நமக்குப் புத்தக ஆங்கிலத்தோடு பழக்கம், அந்தச் சொற்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றி வந்திருக்கிறோம். அங்கே போய் அந்த மாதிரிப் பேசினால் பழைய உயில் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

எண்ணைச் சொல்வதில் வரும் பிழைகளையும் பார்த்துவிடுங்கள், நேர்காணலில் உடனே பிடிபடுவது இதுதான். 'ஷீ இஸ் எய்ட்டி இயர்ஸ் ஓல்ட்', ஆனால் 'ஆன் எய்ட்டி இயர் ஓல்ட் வுமன்', இரண்டாவதில் 'இயர்' ஒருமை. 'ஹெர் ஏஜ் இஸ் எய்ட்டி இயர்ஸ்' என்பது விண்ணப்பப் படிவம் பேசுகிற மாதிரி. சரியான வயது தெரியாதபோதும், சொல்ல விருப்பமில்லாதபோதும் 'இன் ஹெர் லேட் செவன்டீஸ்' கைகொடுக்கும், 77 இலிருந்து 79 வரை. நடுப்பகுதிக்கு 'மிட்', தொடக்கத்துக்கு 'எர்லி'. 'ஷீ இஸ் புஷிங் எய்ட்டி' என்றால் எண்பதை நெருங்குகிறார், கொஞ்சம் விளையாட்டுத் தொனி, ஆகவே இதையும் அவர்களே சொல்லட்டும். நான் என்னைப் பற்றிச் சொல்வதுண்டு, 'புஷிங் சிக்ஸ்டி' என்று.

கூப்பிடும் முறைதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். இங்கே பஸ்ஸில் ஏறும் முன்பின் தெரியாத ஒருவரையும் 'பெத்தா', 'மூத்தம்மா', 'அம்மம்மா' என்றால்தான் மரியாதை, பெயரைச் சொன்னால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். நான் வேலை செய்த இல்லத்தில் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் ஒருவர் இருந்தார், நிமிர்ந்த உட்காரல், காலையில் முத்துமாலை போடாமல் அறையை விட்டு வரமாட்டார். நம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பிள்ளை ஒன்று பாசத்தோடு 'கிராண்ட்மா, டைம் ஃபோர் யுவர் பாத்' என்றது. அவர் செய்தித்தாளைக் கீழே வைக்காமலே 'ஐ ஆம் நொட் யுவர் கிராண்ட்மதர்' என்றார். பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தபடி 'வாட் உட் யூ லைக் மீ டு கோல் யூ?' என்று கேட்க, மிசிஸ் போட்டுக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், குளிக்கவும் எழும்பி வந்தார். பக்கத்து அறைக்காரரோ முதற்பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று அடம். ஆகவே ஊகிக்க வேண்டாம், முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேளுங்கள், நேர்காணலிலும் அதைச் சொல்லுங்கள், நல்ல புள்ளி விழும். 'டியர்', 'லவ்', 'ஸ்வீட்டி' எல்லாம் அங்குள்ள சக ஊழியர்கள் தாராளமாக விடுவார்கள், பார்த்துப் பழகிவிடாதீர்கள். சின்னப்பிள்ளைக்குப் பேசுவது போல இழுத்து, உயர்த்தி, 'நாம இப்ப மருந்து குடிப்பமா' என்ற பாணியில் பேசுவதற்கு ஆங்கிலத்தில் 'எல்டர்ஸ்பீக்' என்றே பெயர் இருக்கிறது. டிமென்ஷியா உள்ளவர்களிடம் இப்படிப் பேசும்போது அவர்கள் நம் கையைத் தட்டிவிடுவதும் மறுப்பதும் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, நானும் கண்ணால் கண்டதுதான். வயதை வைத்து ஆளைக் குறைத்து நடத்துவதற்கு 'ஏஜிசம்' என்று 1969 இல் பெயர் வைத்தவர் ரொபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். உங்கள் நேர்காணலில் இந்தச் சொல் வர நிறைய வாய்ப்பிருக்கிறது.

வேலைச் சொற்களில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன், மீதியை அங்கே போய் ஒரு கிழமையில் பிடித்துக்கொள்வீர்கள். இளையவர் விழுந்தால் 'ஷீ ஃபெல் ஓவர்', வயதுபோனவர் விழுந்தால் 'ஷீ ஹாட் எ ஃபோல்'. ஏதோ அது ஒரு நோய் போல, அறிக்கையிலும் அப்படித்தான் எழுதுவார்கள். காது மந்தம் என்றால் 'ஹார்ட் ஒஃப் ஹியரிங்'. நடை தள்ளாடினால் 'அன்ஸ்டெடி ஒன் ஹெர் ஃபீட்'. இங்கிலாந்தில் 'சிம்மர் ஃபிரேம்' என்பதைக் கனடாவில் 'வோக்கர்' என்பார்கள். 'நாப்பி', 'டயப்பர்' என்ற சொற்களைப் பெரியவர்களுக்குப் பாவிக்கக் கூடாது, 'பேட்' என்று சொல்ல வேண்டும். 'ஃபீடிங்' என்று சொல்லாமல் 'ஹெல்ப்பிங் வித் மீல்ஸ்' என்று சொல்லுங்கள். 'ஃபிரெயில்' என்ற சொல்லைக் கவனமாகக் கையாளுங்கள். மருத்துவத்தில் அதற்கு அளவுகோலே உண்டு, கனடாவில் உருவான ஒன்று 1 இலிருந்து 9 வரை தளர்ச்சியைக் கணக்கிடுகிறது. ஆகவே டொக்டர் எழுதினால் அது ஒரு மதிப்பீடு, நீங்கள் ஒருவர் முன்னால் சொன்னால் அவர் காதில் 'நோஞ்சான்' என்று விழும்.

ஐஎல்ட்ஸுக்கு வருவோம். பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம், நடுப்பகுதியில் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். 'உங்களுக்குத் தெரிந்த வயதான ஒருவரை விபரியுங்கள்' என்பது அடிக்கடி அடிபடும் தலைப்பு. ஐடியம் சொன்னால் புள்ளி கூடும் என்று டியூஷனில் சொல்வது பாதி உண்மை. சொல்வளத்துக்கு 7 ஆவது மட்டத்தில் அவ்வளவாகப் புழங்காத சொல்லும் மரபுத்தொடரும் எதிர்பார்க்கிறார்கள், கூடவே எந்த நடைக்கு எந்தச் சொல் பொருந்தும் என்ற உணர்வையும் கேட்கிறார்கள். குழிக்குள் கால் வசனம் முதல் பாதியைத் தந்து இரண்டாவதைக் கெடுத்துவிடும். உங்கள் பெத்தாவைப் பற்றி இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'மை கிராண்ட்மதர் இஸ் இன் ஹெர் லேட் எய்ட்டீஸ். ஷீ இஸ் எ பிட் அன்ஸ்டெடி ஒன் ஹெர் ஃபீட் தீஸ் டேஸ், பட் ஹெர் மைண்ட் இஸ் அஸ் ஷார்ப் அஸ் எவர்.' அதன் பின் காடு வா வா என்ற பேச்சை அவர் வாயிலேயே வைத்து, 'ஷீ ஜோக்ஸ் தட் ஷீ ஹாஸ் ஒன் ஃபுட் இன் த கிரேவ்' என்று சொல்லுங்கள். அவரே பகிடியாகச் சொல்கிறார் என்று வந்ததும் அதே ஐடியம் குற்றமில்லாமல் போய்விடுகிறது, பரீட்சகருக்கும் நீங்கள் விளங்கித்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும்.

கேள்வியின் ஓரத்தில், ஒருவர் இறந்ததைச் சொல்ல 'டைட்' என்பதா 'பாஸ்ட் அவே' என்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். குடும்பத்தாரோடு பேசும்போது அவர்கள் பாவிக்கும் சொல்லையே நீங்களும் பாவியுங்கள், பெரும்பாலும் 'பாஸ்ட் அவே' அல்லது 'பாஸ்ட்' என்பார்கள். பதிவேட்டில் எழுதும்போது 'டைட்' என்றுதான் எழுத வேண்டும். முதல் முறை செய்தி சொல்லும் பொறுப்பு தாதிக்கோ டொக்டருக்கோ உரியது, அவர்கள் வேண்டுமென்றே 'டைட்' என்று நேராகச் சொல்வதைக் கேட்டு, என்ன இரக்கமில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பூசி மெழுகிச் சொன்னதில் ஆள் எங்கேயோ போய்விட்டார் என்று எடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு, அதனால்தான் அப்படிச் சொல்லப் பழக்குகிறார்கள்.